ஏரிப்ளேன் தேடிச் சித்தூர் வரை

சித்தூர் ஜில்லா யாருக்கு என்று ஆந்திரா, சென்னை இரண்டு ராஜ்யங்களும் இழுத்துக்கொண்டிருக்கும் இந்தக் கோடையில், வேலை மெனக்கெட்டு நான் அங்கே போனதற்குக் காரணம் ஒரு விமானம். மீனம்பாக்கத்தில் விமானம் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. தண்ணீரிலும் தரையிலும் இறங்கும் பழைய விமானங்கள் மீது கொஞ்சம் பைத்தியம் உண்டு. யுத்தகாலத்து விமானம் எதுவும் ஏரியில் கிடக்கிறதா என்று எல்லோரையும் கேட்பேன். நகரிப் பக்கத்துத் தொழிலாளி ஒருவர், "எங்க ஊர்ல ஏரிப்ளேன் பத்திரமா இருக்குது" என்றது எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே காதில் விழுந்தது. அவ்வளவு போதாதா?

சென்னையிலிருந்து, நகரியை ஒட்டிய ஏகாம்பரகுப்பம் ரயிலில் சுமார் அறுபது மைல். அரக்கோணம் வரை நின்றுகொண்டே போனேன். இறங்கி, வெயிலில் நடந்து ஊரைக் கண்டுபிடித்தால், கோவிந்தசாமி என்ற விவசாயி அதைச் சித்தூருக்குக் கொண்டுபோய்விட்டாராம். லாரியிலா என்று கேட்டேன்.

"சைக்கிள்ல கட்டிக்கினு போனாரு" என்றார் ஓர் அம்மாள்.

இறக்கைத் துண்டாக இருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

நகரியிலிருந்து சித்தூர் நாற்பது மைல். பஸ் கட்டணம் ஒன்றேகால் ரூபாய், புழுதி இலவசம். இடுப்பு விட்டுப்போயிற்று. இந்த வகை விமானத்தை முதலில் செய்தவர்களை நினைத்துக்கொண்டே வந்தேன். படகு போன்ற அடிவயிற்றுக்குச் சக்கரம் பூட்டிய முன்னோடிகள் அவர்கள். தண்ணீரில் இறங்கும்போது சக்கரம் நீட்டிக்கொண்டிருந்தால் விமானம் குப்புறக் கவிழும். அதனால் விமானி கையாலேயே பிடியைச் சுற்றிச் சக்கரத்தை மேலே தூக்க வேண்டும். பிற்பாடு அவர்களுடைய பட்டறையே ஆட்களையும் சரக்கையும் ஏற்றும் பெரிய விமானங்களைச் செய்தது.

சித்தூரில், எல்லை விசாரணை நடந்த கட்டடத்தின் வேப்பமரத்தடியில் கோவிந்தசாமி உட்கார்ந்திருந்தார். கேட்டதும் மகிழ்ந்துபோய், துணி ஒட்டிய ஒரு சுருளைப் பிரித்தார். அது ஏரியின் சர்வே வரைபடம். ஏரி பிளான்! எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

அவருக்கோ அது உயிர். ஏரி ஆந்திராவுக்கும் அதில் பாயும் வயல்கள் சென்னைக்கும் போகும் என்று பேச்சாம். அப்புறம் மதகை யார் திறப்பார்கள்? பிளானை விட்டுவிட்டுப் போ, பார்க்கிறோம் என்று விசாரணை அலுவலகக் குமாஸ்தா தெலுங்கில் சொல்லியிருக்கிறார். ஊருக்கே இருப்பது இந்த ஒன்றுதான், கொடுக்கக் கோவிந்தசாமிக்கு மனமில்லை.

விமானத்தை வரைய மெல்லிய தாளும் பென்சிலும் கொண்டுபோயிருந்தேன். அவற்றை எடுத்து ஏரியைப் பிரதியெடுக்க உட்கார்ந்தேன். வரையும்போது, வந்த காரணத்தை விளக்கினேன். தண்ணியும் தரையும் ரெண்டும் வேண்டிய விமானமா என்று கேட்டுக்கொண்டார்.

"எங்களுக்கும் ரெண்டும் வேணும் சார். ஏரிய யாருக்கு வேணா குடுக்கட்டும். எங்களயும் அது கூடவே குடுத்துடச் சொல்லுங்க."

சொல்ல நான் யார்? வெட்கமாக இருந்தது. கரையையும் மதகையும் பிசகாமல் வரைந்து கொடுத்தேன். கோவிந்தசாமி அந்தப் பிரதியை உள்ளே கொடுத்துவிட்டு, மூலத்தைச் சைக்கிளில் கட்டினார்.

நான் திருப்பதி வழியாகத் திரும்பினேன். மலையேறத் தெம்பில்லை, அடிவாரத்து அலிபிரியிலேயே கும்பிடு போட்டேன். நீங்கள் போவதானால் கோடையைத் தவிருங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். எல்லைக்கோடு எங்கே விழும் என்று இன்னும் தெரியவில்லை. நகரிப் பக்கம் போகிறவர்கள், கோவிந்தசாமியின் வயலில் தண்ணீர் பாய்கிறதா என்று பார்த்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.