காற்று ஏறினால் பெட்ரோலும் ஏறணும்

டர்போ வண்டிக்குப் பெட்ரோல் பிரஷர் வால்வை மாற்றினால் வேகம் கூடுமா என்று எங்கள் தெரு ஒர்க்‌ஷாப்பில் பிள்ளைகள் வாதாடுவது காதில் விழுகிறது. நடுவில் புகுந்து பேச எனக்குக் கூச்சம். அதனால் எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. இருமுகிற கார்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கம். என் அக்கா வீட்டுக்காரர் சவரிமுத்து மச்சான் புதுக்கோட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். அங்கே பேக்கிங் வெட்டுவது என் வேலை. இன்ஜினில் இரண்டு இரும்பு சேரும் இடத்தில் கசியாமல் இருக்க நடுவில் வைக்கிற கார்க்கு, அட்டை, துணி, எல்லாம் என் கத்தரிக்கோலில்தான் உருவாகும்.

ஒருநாள் அரிமளத்து ரோடு காண்ட்ராக்டர் ஒரு பழைய சீமைக் காரில் வந்து இறங்கினார். ஏதோ ஜமீனில் வாங்கியது. அதில் சூப்பர்சார்ஜர் இருந்தது. இன்றைய டர்போவுக்கு அண்ணன் என்று வையுங்கள். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும். ஆனால் முழுசாக மிதித்தால் அந்தக் கார் படபடவென்று வெடித்து, மூச்சு வாங்கி நின்றுவிடும்.

"சவரி, இது காரா, காசநோய்க்காரனா?" என்றார் காண்ட்ராக்டர். சரி பண்ணினால் தன் லாரிகள் எல்லாம் இனி எங்களிடமே வரும், இல்லையென்றால் எல்லாம் திருச்சிக்குப் போகும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். ஒர்க்‌ஷாப்பில் அப்போது வேலையே இல்லை. கடையை மூடிவிட்டு பஸ் கம்பெனியில் கூலிக்குச் சேரலாமா என்று மச்சான் அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்த சமயம் அது.

2. கெட்டி ஸ்பிரிங்

மச்சான் பெட்ரோல் குழாயில் ஒரு பிரஷர் மீட்டர் மாட்டிப் பார்த்தார். மிதிக்க மிதிக்கக் காற்று ஏறியது, பெட்ரோல் ஏறவில்லை. காற்று எதிர்த்துத் தள்ள, பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோல் போக முடியவில்லை. பம்புக்குப் பக்கத்தில் ஒரு வால்வு உண்டு. அதற்குள் இருக்கும் ஸ்பிரிங்தான் பெட்ரோல் எத்தனை பவுண்டு அழுத்தத்தில் போகணும் என்று முடிவு செய்வது. மிச்சத்தை டாங்கிக்கே திருப்பிவிடும்.

கெட்டி ஸ்பிரிங்காகப் போட்டார். கார் பறந்தது. எங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனால் ரயில்வே கேட்டில் நின்றதும் கார்ப்பரேட்டர் பொங்கி வழிந்தது. கரும்புகை. பின்னால் நின்ற மாட்டுவண்டிக்காரர், அடுப்பு மூட்ட வேறு இடம் கிடைக்கவில்லையா என்று கேட்டார். சும்மா நிற்கிற இன்ஜினுக்கு அவ்வளவு பெட்ரோல் எதற்கு?

3. ஆர்மோனியத் தோல்

காற்று ஏறும்போது மட்டும் பெட்ரோலும் ஏற வேண்டும். அதற்குப் பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டு, சூப்பர்சார்ஜரிலிருந்து ஒரு மெல்லிய செம்புக் குழாயை வால்வின் தலைக்குக் கொண்டுவந்தார் மச்சான். ஸ்பிரிங்கோடு சேர்ந்து காற்றும் அழுத்தும். காற்றும் பெட்ரோலும் கலக்காமல் நடுவில் ஒரு டயாப்ரம், அதாவது மெல்லிய தடுப்பு, வேண்டும்.

மச்சான் ஆவூர் மாதா கோவில் ஆர்மோனியத்துக்குத் துருத்தி கட்டுகிறவர். மிச்சமிருந்த ஆட்டுத்தோலை எடுத்து, காற்றுக்கு இதைவிட உசத்தி உலகத்திலேயே கிடையாது என்று என்னிடம் நீட்டினார். வட்டமாக வெட்டிக் கொடுத்தேன். மறுநாள் பிரித்தால் அப்பளம். தோலில் இருந்த எண்ணெயைப் பெட்ரோல் தின்றுவிட்டது. கோவில் ஆர்மோனியம் பெட்ரோல் குடிக்காது என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. அக்கா மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு பஸ் பம்புகளுக்குப் போடுகிற பதம் பண்ணிய துணியை மூன்று மடிப்பாக வெட்டி, நடுவில் கொஞ்சம் தொய்வு விட்டுக் கொடுத்தேன்.

4. திருமயம் ரோடு

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சோதனை ஓட்டம். காண்ட்ராக்டர் பின் சீட்டில். மீட்டர் முன் கண்ணாடிக்கு வெளியே பானட்டில் கட்டியிருந்தது. மச்சான் ரோட்டைப் பார்க்க வேண்டும், அதனால் மீட்டரைப் படிக்க என்னை முன்னால் உட்காரச் சொன்னார். காண்ட்ராக்டர் முன்னால் நான் அதுவரை வாய் திறந்ததில்லை.

நமணசமுத்திரம் தாண்டியதும் ரோடு நேராகக் கிடந்தது. மச்சான் மிதித்தார்.

"மூணு" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லு புள்ள, காத்துல கேக்கல!"

முள் நகர்ந்தது. நாலு, அஞ்சு. சூப்பர்சார்ஜர் விசில் அடிக்க ஆரம்பித்தது. என் முந்தானை பறந்து காண்ட்ராக்டர் முகத்தில் அடித்ததைக்கூடக் கவனிக்கவில்லை. ஆறு, ஏழு என்று தொண்டை கிழியக் கத்தினேன். வழக்கமாக வெடிக்கிற இடம் அதுதான். வெடிக்கவில்லை. எட்டு. புளியமரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பின்னால் ஓடின. தூரத்தில் தெரிந்த திருமயம் கோட்டை கிட்டத்தில் வந்து நின்றது. மிதியிலிருந்து காலை எடுத்ததும் முள் தானாக மூன்றுக்கு இறங்கியது. காரை நிறுத்தினோம். சொட்டு வழியவில்லை.

காண்ட்ராக்டர் இறங்கிக் காரைச் சுற்றி வந்தார்.

"சவரி, நாளைக்கே லாரியெல்லாம் அனுப்புறேன். எல்லாத்துக்கும் இதே வால்வைப் போட்டுரு."

நான் மச்சானைப் பார்த்தேன். தலையாட்டினால் போதும், ஒர்க்‌ஷாப் பிழைத்துவிடும்.

"லாரிக்கு வேணாங்க மொதலாளி. அதுல காத்தைத் திணிக்கிற மிஷினே இல்ல. போட்டா காசுதான் வீணாகும், ஒரு அடி கூடுதலா ஓடாதுங்க."

வேலை போச்சு என்றே நினைத்தேன். காண்ட்ராக்டர் காரில் ஏறி, அரிமளத்துக்கு விடச் சொன்னார். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் சொன்னார்:

"அப்ப லாரிக்கு என்ன வேணுமோ அதை மட்டும் பண்ணு."

பிள்ளைகளே, வால்வு வேகம் தராது. திணிக்கிற காற்றுக்கு ஈடாகப் பெட்ரோல் போகாமல் வண்டி தவித்தால், அந்தத் தவிப்பைத் தீர்க்கும். முதலில் மீட்டரை மாட்டிப் பாருங்கள். மிதிக்கும்போது பெட்ரோலும் கூடவே ஏறினால், இருக்கிற வால்வே போதும்.

அந்தச் சோதனை ஓட்டத்துக்கு மறுநாள் காலை கடைக் கதவைத் திறந்தபோது வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன.