இரும்பு உத்தரத்தில் கட்டிய ஊஞ்சல்

ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன் நான். பனியன் துணி வெட்டும் ஒரே ஒரு கட்டிங் மேசையோடு தொழில் தொடங்கினேன். மங்கலம் சாலையில் முள்ளுக்காடாகக் கிடந்த நிலத்தில் தகரக்கொட்டகை போட்டேன். இன்று அது மூன்று மாடி. தண்ணீரே வராது என்றார்கள், போர் போட்டு வரவைத்தேன். வடக்கிலிருந்து வேலைக்கு வரும் பெண்களுக்கு விடுதி கட்டி, அறைக்கு ஒரு ஜன்னல் வைத்தேன். ஜன்னல் எதற்கு என்று கேட்டவர்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள், விசாரித்துப் பாருங்கள்.

அந்த விடுதியில் ஒடிசாக்காரப் பெண் ஒருத்தி. செக்கிங்கில் வேலை. பனியனில் ஊசி ஓட்டை இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. சின்ன மகளைத் தாயிடம் விட்டுவிட்டு வந்தவள், வந்த சில வருஷத்தில் எங்கள் ஊர்ப் பேச்சு அவளுக்கும் ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை மற்ற பெண்கள் கடைவீதிக்குப் போய்விட, அவள் மட்டும் படிக்கட்டில் போனைப் பார்த்தபடி இருப்பாள். எதிரே ஆபீஸில் நான். மனைவி போய்ச் சேர்ந்தபின் வீட்டில் எனக்கு என்ன வேலை? மகள் வெளிநாட்டில். அவள் கூப்பிட்டால், சாப்பிட்டாச்சா என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

வைகாசி கடைசியில் ஒருநாள் அந்த ஒடிசாக்காரப் பெண் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள்.

“ஐயா, எங்கூருல பண்டிகை வருதுங்க. மூணு நாளு பொம்பளைங்க வேலை செய்யாம ஊஞ்சல் ஆடுவாங்க. உனக்கு அங்க ஊஞ்சல் இருக்குதான்னு எம்புள்ள கேட்டுச்சு. இருக்குதுன்னு சொல்லிப்போட்டேனுங்க.”

“இல்லாததை ஏன் கண்ணு சொன்னே?”

“இல்லைன்னா அழுதுடுமுங்க.”

ஒரு நாள் லீவு தருகிறேன் என்றேன். ஊஞ்சலைப் பற்றி வாய் திறக்கவில்லை. செய்து காட்டுவதுதான் என் வழக்கம்.

பண்டிகையன்று விடிந்ததும் ஆள் கூட்டிவந்து, விடுதி வாசலில் தூண் நட இரண்டு குழி வெட்டினேன். நானும் கடப்பாரை பிடித்தேன், இந்த வயதில். பெண்கள் புதுச்சேலை கட்டி, காலோரம் சிவப்புச் சாயம் தீட்டி வெளியே வந்தார்கள். குழியைக் கண்டதும் படியிலேயே நின்றுவிட்டார்கள்.

“வாங்க கண்ணு, எல்லாம் உங்களுக்குத்தான்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “இந்த மூணு நாளும் பூமித்தாயி ஊட்டுக்குத் தூரமுங்க ஐயா. ஏர் ஓட்டமாட்டாங்க. மண்ணை வெட்டக்கூடாதுங்க.”

என் முகம் சுண்டிப்போனது. மாதத்தில் அந்த மூன்று நாட்களில்கூட என் மனைவி ஓய்வெடுத்து நான் பார்த்ததில்லை. அவள் தையல் மெஷினில்தான் உட்கார்ந்திருந்தாள்.

“சரி, மூடிப்போடட்டுமா?”

“தொடாம உட்டுருங்க ஐயா.”

கட்டிங் ஹாலுக்குப் போனேன். அங்கே இரும்பு உத்தரம் இருக்கிறது, நான் போட்டது. கயிற்றை எடுத்துக்கொண்டு நானே ஏணியில் ஏறினேன்.

“விழுந்துராதீங்க தாத்தா,” என்று சின்னவள் ஒருத்தி சிரித்தாள்.

“விழுந்தா உத்தரந்தான் விழோணும்.”

பழைய மேசைப் பலகையை இருக்கையாகக் கட்டினேன். செக்கிங்காரி உட்கார்ந்து ஆடினாள். இன்னொருத்தி போனைப் பிடித்திருந்தாள். அதில் தெரிந்த குழந்தை கைதட்டி ஏதோ கேட்டது. அவளும் ஏதோ சொன்னாள்.

“என்ன கேக்குது?”

“யாரு கட்டுனாங்கன்னுங்க. கம்பெனின்னு சொன்னேனுங்க.”

சாயங்காலம் எல்லோரும் விடுதிக்குப் போய்விட்டார்கள். பலகை மட்டும் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தது. நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

கம்பெனி ஏணியில் ஏறுமா? முழங்கால் வலிக்க உத்தரத்தில் முடிச்சுப் போடுமா? இதை வாசிக்கிறவர்கள் யாராவது அவளுக்கும் வாசித்துக் காட்டுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை மகளிடம் அவள் திருத்திச் சொல்ல வேண்டும்: அதைக் கட்டியது ஒரு கிழவர், தன் கையால். சொல்லிவிட்டு, போனை ஆபீஸ் பக்கமாக ஒரு தடவை திருப்பவும் வேண்டும். நான் அங்கேதான் இருப்பேன்.