ஐந்து வயது உயரத்தில் ஓர் அலமாரி

நான் எப்பேர்ப்பட்ட அசடு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் அவமானம் கூடுதல். ஆக்லாந்தில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் அலமாரி அடுக்குவது என் வேலை. விடியும்போதே உள்ளே போய், வருகிறவர்கள் எதைப் பார்த்து மயங்க வேண்டுமோ அதைக் கண்ணுக்கு நேராகவும், மலிவானதைக் குனிந்து தேடும்படி காலடியிலும் அடுக்கிவைப்பேன். மத்தியானம் வேலை முடிந்ததும் பச்சை மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு, ஒரு கூடையை எடுத்துக்கொண்டு, அதே கடைக்குள் வாடிக்கையாளனாக நுழைவேன். பால் வாங்கத்தான். பால் கடைசிச் சுவரோரம் இருக்கும். நடுவில் உள்ள சகலத்தையும் ஜனங்கள் கடந்து போகட்டும் என்று அங்கே வைத்ததே நாங்கள்தான். தெரிந்தேதான் நடப்பேன். வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தால் வாசனை மெழுகுவத்தி இருக்கும், நாய் பிஸ்கட் இருக்கும், பால் இருக்காது. எனக்கு நாய் கிடையாது. எலிப்பொறி வைத்தவனே மசால்வடை வாசனைக்கு மயங்கி உள்ளே போய் உட்கார்ந்த கதை.

இந்தக் கடைக்குள் நான் முதன்முதலில் மாட்டிக்கொண்டது திருடனாக. ஊரிலிருந்து வந்த புதிது. வெங்காயம், உருளைக்கிழங்கு, தக்காளி எல்லாம் வாங்கிக் காசும் கொடுத்தாயிற்று. திரும்பிப் போய்க் கொத்தமல்லி மாதிரி தெரிந்த ஒரு கட்டை எடுத்துப் பைக்குள் செருகிக்கொண்டு, பில் போட்ட பெண்ணைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டிவிட்டு நடந்தேன். காய் வாங்கினால் கொசுறு உண்டுதானே? சென்னைக்குப் பக்கத்தில் எங்கள் சித்லபாக்கத்தில் அது கேட்டு வாங்குகிற பொருளே இல்லை. கேட்க வைத்தால் கடைக்காரருக்குத்தான் கேவலம். வாசலில் ஒரு கை என் தோள்மேல் விழுந்தது. கைக்குச் சொந்தக்காரி லீனா, சமோவா தீவைச் சேர்ந்தவள், கடையின் மேற்பார்வையாளர். காய்கறிக்குக் காசு வாங்கியவர்கள் இலையைச் சும்மா தருவதுதான் மரியாதை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். எந்தக் கடையில் அப்படித் தருகிறார்கள் என்று கேட்டாள். சித்லபாக்கத்தில் என்றேன். அவள் பக்கத்தில் இருந்தவனிடம் திரும்பி, அப்படி ஒரு புதுக் கடை நம் வட்டாரத்தில் திறந்திருக்கிறதா, நமக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று கவலையோடு விசாரித்தாள். இத்தனைக்கும் அது கொத்தமல்லியே இல்லை, பார்ஸ்லி. ஊரிலிருந்து கொண்டுவந்த பட்டத்துக்கும் அனுபவத்துக்கும் எங்கும் வேலை கிடைக்காமல், சில மாதம் கழித்து அதே கடைக்கு விண்ணப்பத்தோடு போய் நின்றபோது, லீனா என்னை ‘இலைக்காரர்’ என்று சரியாக அடையாளம் கண்டுகொண்டாள். வேலையும் தந்தாள்.

சித்லபாக்கத்தில் எங்கள் தெருமுனைக் கடை கன்னியப்பனுடையது. நாங்கள் வீடு கட்டிய மனையே ஒரு காலத்தில் அவர் குடும்பம் நெல் விளைவித்த நிலம்தான். ஏரிப் பக்கத்து வயல்களையெல்லாம் மனைகளாக்கி எங்களைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களிடம் விற்றுவிட்டு, அதே ஆட்களுக்கு அரிசி விற்க ஒரு மளிகைக்கடையும் வைத்தார். குறுக்கே ஒரு பலகை. பலகைக்கு அந்தப் பக்கம் மூட்டைகள், தகர டின்கள், கன்னியப்பன். இந்தப் பக்கம் நாம். எதையும் தொட முடியாது. என்ன வாங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கவும் முடியாது. கிண்டி கம்பெனியில் கணக்குப் பார்த்துவிட்டு, எலெக்ட்ரிக் ரயிலில் நசுங்கி, சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி, துவரம்பருப்பு கேட்டு நின்றால், “அது வோணாம் சார், வண்டு வச்சிகீது. பாசிப்பருப்பு எட்த்துகினு போ” என்பார். எடுத்துக்கொண்டு போவேன். வீட்டில் என் மனைவி வசந்தா, உங்களை அனுப்பினால் அவர் விற்க நினைத்ததைத்தான் வாங்கி வருவீர்கள் என்பாள். உண்மைதான். ஆனால் மறுநாள் வசந்தா போனாலும் பாசிப்பருப்புதான் வரும்.

வியாபார நுணுக்கம் இல்லாத மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். ஷாம்பு சாஷேக்களைத் தோரணம் மாதிரி நம் நெற்றியில் இடிக்கும்படி தொங்கவிட்டிருப்பார். பலகையின் முன் விளிம்பில், சரியாக ஒரு குழந்தையின் மூக்குக்கு நேராக, மிட்டாய் பாட்டில்கள் நிற்கும். எங்கள் மகள் நித்யா போனதும் தேன்மிட்டாய் பாட்டிலில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றுவிடுவாள். கண்ணாடியில் மூச்சுப் புகை படியும். வசந்தா குழந்தைக்குத் தெரியாமல் கண்ணால் ஒரு ஜாடை காட்டுவாள். உடனே கன்னியப்பன், கழுத்துவரை நிரம்பிய பாட்டிலைத் தட்டிக் காட்டி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், “தீந்துபூச்சு கண்ணு” என்பார். நித்யா பாட்டிலைப் பார்ப்பாள், அவரைப் பார்ப்பாள், நம்பிவிடுவாள். கண்ணால் பார்த்ததைவிடக் கடைக்காரர் சொன்னது பெரிதாக இருந்த வயது. விற்பதற்கென்றே வைத்த பொருளை விற்காமலிருக்கத் தெரிந்த ஒரே கடைக்காரரை நான் அங்கேதான் பார்த்தேன்.

தொண்ணூற்றைந்தில் நான் கிளம்பியபோது நித்யாவுக்கு ஐந்து வயது. நல்ல வேலை கிடைத்ததும் இருவரையும் அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் அவள் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அப்பா இருக்கிற ஊரில் எதுவும் தீர்ந்தே போகாது, நீ கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்தேன். நல்ல வேலை கிடைக்கவில்லை. அலமாரிதான் கிடைத்தது. வசந்தாவுக்கு ‘ஸ்டோர்ஸில் வேலை’ என்று எழுதினேன். பொய் இல்லை. ஸ்டோர்ஸ் என்றால் ஊரில் மேஜை, நாற்காலி, கீழே இரண்டு ஆட்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

கடையில் எனக்கு விழுந்த பகுதி, காலையில் பாலில் போட்டுச் சாப்பிடுகிற கார்ன்ஃப்ளேக்ஸ் வகையறா. லீனா முதல் நாள் என்னைத் தரையில் முழங்காலிட வைத்தாள். பெரியவர்களுடையதை மேலே வை, பொம்மை உள்ள டப்பாக்களை இங்கே வை, ஐந்து வயதுக் குழந்தையின் கண் இந்த உயரத்தில்தான் இருக்கும், குழந்தை பார்த்தால் போதும், மீதியை அதுவே அழுது முடித்துவிடும் என்றாள். அவளுக்கு அது பாடம். எனக்கு, முழங்காலிட்டுத் தலையை நிமிர்த்தினால், எதிரே நித்யாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டப்பா இருந்தது. அதில் சிரித்துக்கொண்டிருந்த டைனோசர் நேராக என்னைப் பார்த்தது. அந்த டப்பாக்களின் கண்கள் கொஞ்சம் கீழ்நோக்கியே வரையப்பட்டிருக்கும்; நின்றுகொண்டிருக்கும் அப்பாக்களை அவை பார்ப்பதே இல்லை.

அன்று மத்தியானம் அந்த டப்பாவை வாங்கினேன். அடுத்த வாரம் இன்னொன்று. கார்ன்ஃப்ளேக்ஸை நான் இரவுச் சாப்பாடாகத் தின்றேன், ஊறுகாய் தொட்டுக்கொண்டு. சிரிக்காதீர்கள், பரவாயில்லாமல்தான் இருக்கும். உள்ளேயிருந்து வரும் பிளாஸ்டிக் டைனோசரைக் கழுவித் துடைத்து ஜன்னலோரம் நிறுத்துவேன். ஒரே மாதிரி இரண்டு வந்துவிட்டால், எனக்குள் இருக்கும் குழந்தையும் கொஞ்சம் அழும்.

வசந்தாவின் கடிதங்களில் முதல் வருஷம் ‘எப்போ கூப்பிடுவீங்க’ இருந்தது. இரண்டாம் வருஷம் அவளுக்குக் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. மூன்றாம் வருஷம் அந்தக் கேள்வி கடிதத்தில் இல்லை. அதற்குப் பிறகுதான் லீவு போட்டுவிட்டு ஓடினேன்.

போன அன்று காலையில் காப்பி போட்டு இருவரையும் அசத்தலாம் என்று சமையலறைக்குள் நுழைந்தேன். காப்பிப்பொடி இருக்கிற இடத்தில் ரவை இருந்தது. சர்க்கரை டின்னைத் திறந்தால் உளுந்து. என் வீட்டுக்கும் ஒரு லீனா வந்து எல்லாவற்றையும் இடம் மாற்றிவைத்த மாதிரி இருந்தது. நித்யா பின்னால் வந்து நின்று, விருந்தாளிக்குக் காட்டுகிற பொறுமையோடு, “மேல் தட்டுலப்பா” என்றாள். அவளுக்கே எட்டியது அந்த மேல் தட்டு.

பெட்டியைத் திறந்து டைனோசர்களைக் கூடத்தில் வரிசையாக நிறுத்தினேன். நித்யா ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்து, நல்லா இருக்குப்பா என்றாள். மறுநாள் என்னிடம் வந்து, பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்குக் கொடுத்துவிடட்டுமா என்று அனுமதி கேட்டாள். தூக்கி எறிந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அனுமதி கேட்டாள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. தாராளமா குடும்மா, அப்பாகிட்ட இன்னும் நிறைய இருக்கு என்று சொல்லிச் சிரித்தேன்.

சாயங்காலம் அவளைக் கன்னியப்பன் கடைக்கு அழைத்துப் போனேன். பலகையைக் காணோம். மகன் காலத்துக் கடை. கண்ணாடிக் கதவு, ட்யூப் லைட், கம்ப்யூட்டர் பில். நாமே உள்ளே போய் நாமே எடுத்துக்கொள்ளலாம். கன்னியப்பன் வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பைகளை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்து, கையைப் பிடித்துக்கொண்டு, இளைத்துவிட்டதாகச் சொன்னார். உள்ளே போனால், கீழ்த் தட்டில், எனக்குப் பழக்கப்பட்ட அதே உயரத்தில் கார்ன்ஃப்ளேக்ஸ். நான் குனிந்து ஒரு டப்பாவை எடுத்து நித்யாவிடம் நீட்டினேன். அது சின்னப் பசங்களுக்குப்பா என்றாள். அவள் கண் வேறு ஏதோ தட்டில் இருந்தது. எந்தத் தட்டு என்று நான் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

அந்த நேரத்தில் என் கை வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. யாராவது ஒரு டப்பாவை எடுத்ததும், பின்னால் இருப்பதை விளிம்புக்கு இழுத்து, முகத்தை நேராகத் திருப்பி வைக்க வேண்டும். தட்டு எப்போதும் நிறைந்ததுபோலத் தெரியும். எங்கள் கடையில் நாளெல்லாம் செய்வது இதைத்தான், தூக்கத்திலும் செய்வேன். ஒன்றை இழுத்து, திருப்பி, அடுத்ததை இழுத்து, திருப்பி, அந்த வரிசையையே முடித்துவிட்டேன். பின்னால் கன்னியப்பன் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நிலத்தைப் பார்த்ததும் எத்தனை மூட்டை விளையும் என்று சொல்கிறவர். கையைப் பார்த்து வேலையைச் சொல்ல முடியாதா?

“சார்,” என்றார் மெதுவாக. “அங்க நீங்க இத்தான் செஞ்சிகினு கீறீங்களா?”

கேலி இல்லை அதில். இருந்திருந்தால் பதிலுக்கு ஒரு ஜோக் அடித்துத் தப்பித்திருப்பேன். கையில் டப்பாவோடு நின்றேன். நித்யா என்னைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அன்றைக்கு மட்டும் அந்த மனிதர் முகத்தில் சலனமில்லாமல் ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது. திரும்பி நடக்கும்போது அவள் என் பையை வாங்கித் தான் தூக்கிக்கொண்டாள். வீட்டில் அம்மாவிடம் அவள் எதுவும் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முதல் நாள், ஏரிக்கரையில் நடந்துகொண்டே, இரண்டு பேரும் வந்துவிடுங்களேன் என்று வசந்தாவைக் கேட்டேன். நித்யாவின் படிப்பு, தன் வேலை, அங்கே தான் போய் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சண்டை போடுகிற குரலே இல்லை. கடைசியில், “நீங்கதான் வந்துடுங்களேன்” என்றாள். கிண்டி கணக்கு வேலையை எப்போதோ ராஜினாமா செய்தாயிற்று. நாற்பத்தைந்து வயதில் திரும்பி வந்து யார் கம்பெனியில் போய் நிற்பது? வந்தால் கன்னியப்பன் கடையில் டோக்கன் கொடுக்கலாம் என்றேன். அவள் சிரித்தாள். அவள் சிரித்ததால் அந்தப் பேச்சு முடிந்துபோயிற்று. என் ஜோக்குகளிலேயே மிகவும் விலை உயர்ந்தது அது.

ஆக்லாந்துக்குத் திரும்பினால் கடையை மாற்றிப்போட்டிருந்தார்கள். வழி பழகிவிட்டால் ஜனங்கள் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்களாம். அவ்வப்போது தொலைய வைத்தால்தான் வேறு எதையாவது பார்ப்பார்களாம். லீனா சந்தோஷமாக விளக்கினாள். பெண்ணைப் பார்த்தாயா, என்ன சொன்னாள் என்றும் கேட்டாள். வளர்ந்துவிட்டாள் என்றேன். நல்ல செய்தி என்று வாழ்த்தினாள்.

மேலங்கியைக் கழற்றிய பிறகு என் பழைய அலமாரியைத் தேடிப் பிடித்தேன். பழக்கத்தில் முழங்காலிட்டேன். டைனோசர் அதே சிரிப்போடு, அதே உயரத்தில். பிறகு எட்டு வயதின் கண் எங்கே இருக்கும் என்று மெல்ல எழுந்து பார்த்தேன். முழுதாக நிற்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் முதுகை வளைத்து, தொடையில் கையூன்றிக்கொண்டு நின்றேன். அந்த உயரத்தில் என்னென்னவோ இருந்தன. எல்லாவற்றையும் என்றோ ஒருநாள் நான்தான் அடுக்கியிருப்பேன். அவற்றில் எது அவளுக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு கிழவி வந்து, முதுகு பிடித்துக்கொண்டதா, யாரையாவது கூப்பிடட்டுமா என்று கேட்டாள். நன்றி, வேண்டாம், கீழே போவதா மேலே போவதா என்று யோசிக்கிறேன் என்றேன். லிஃப்ட் அந்தப் பக்கம் இருக்கிறது என்று கைகாட்டினாள்.

வெளியே டெலிபோன் கூண்டிலிருந்து வீட்டுக்குப் பேசினேன். நித்யாதான் எடுத்தாள். அங்கே அப்போது காலை, அம்மா ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள் என்றாள். நான் கடை வாசலில்தான் நிற்கிறேன், உள்ளே போய் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், உனக்கு என்ன வேண்டும், யோசித்துச் சொல்லு, எந்தத் தட்டில் இருந்தாலும் அப்பா கண்டுபிடித்துவிடுவேன் என்றேன்.

“எல்லாம் இங்கயே கெடைக்குதுப்பா.”