‘ஏனைய நாடுகள்’ என்ற வரியில் எங்கள் தம்பி

“ஆளின் முழுப் பெயர்?” என்று தொலைபேசியில் அந்த அதிகாரி கேட்டார். நானும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

ஐந்து வருடமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எனக்குப் பக்கத்தில் நின்று காய்கறி வெட்டியவன். என் கையால் வாங்கிச் சாப்பிட்டவன். அவனுடைய பெயர் எனக்குத் தெரியவில்லை. நான் தம்பி என்றேன், கோயிலில் எல்லோரும் தம்பி என்றார்கள், அவனும் திரும்பிப் பார்த்தான். பெயரைக் கேட்க ஒரு தேவையே வரவில்லை. மகள் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, “அம்மா, சொல்லுங்கோவன்!” என்றாள். நான் என்னத்தைச் சொல்ல?

ஜேர்மனியில் டுசல்டோர்ஃப் நகரத்தின் ஒதுக்குப்புறத்தில், டயர்க் கடைக்கும் ஒரு சாமான் கிடங்குக்கும் நடுவில் எங்கள் கோயில். பின்பக்கம் மடப்பள்ளி. தம்பி அகதிகளுக்கான ஹைம் என்கிற விடுதியில் இருந்தான். கையில் டுல்டுங் என்கிற கடதாசி. அனுப்பும்வரை உன்னைப் பொறுத்துக்கொள்கிறோம் என்பதுதான் அதன் அர்த்தம். சில மாதத்துக்கு ஒருமுறை அலுவலகத்துக்குப் போய் அதை நீட்டிக்க வேண்டும். வேலை செய்ய அனுமதி இல்லை. சும்மா இருக்க ஏலாமல் கோயிலுக்கு வந்து, எங்கள் எல்லோருக்கும் முன்னதாகவே அடுப்படியில் நிற்பான்.

வெங்காயத்தை வேறு யாரையும் தொட விடமாட்டான். “என்னட்டத் தாங்கோ அக்கா. வெங்காயம் வெட்டேக்க அழுதா ஒருத்தரும் ஏனெண்டு கேக்க மாட்டினம்” என்பான். நாங்கள் சிரிப்போம். ஆட்கள் சொல்வதையெல்லாம் மனசில் போட்டு வைப்பது என் பழக்கம். அவன் சொன்னதில் பலதும் அப்படி இருக்கிறது. ஒருநாள் சிரிக்காமல் சொன்னான்: “என்னைத் திருப்பி அனுப்பினா, நான் அங்க எயார்போட்டுக்கு வெளியில வரமாட்டன் அக்கா.” ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் சனத்தில் அதற்கு மேல் கேட்பதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவனுடைய அறையில் இருக்கும் ஆப்கான்காரர் எனக்குப் போன் எடுத்தார். தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது நான் கஞ்சி கொண்டு போயிருந்தேன். அப்போது வாங்கிய இலக்கம். இரண்டு பேரும் உடைந்த டொச் மொழியில்தான் கதைப்போம். “தம்பி காலையில் அலுவலகத்தில் டெர்மீன் என்று போனார், கடதாசி நீட்ட. இன்னும் வரவில்லை. போன் செத்துக் கிடக்கிறது” என்றார். அவனுடைய உண்மையான பெயர் என்ன என்று கேட்டேன். “தம்பிதானே பெயர்? நீங்களெல்லாம் அப்படித்தானே கூப்பிடுகிறீர்கள்” என்றார்.

மகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அலுவலகங்களோடு கதைக்கத் தெரியும். அவள் லீவு போட்டுவிட்டு இருந்து ஒவ்வொரு இடமாக எடுத்தாள். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: பெயர், பிறந்த திகதி. இரண்டும் இல்லாவிட்டால் ஒரு வார்த்தையும் இல்லை. கடைசியில், தடுப்பில் இருப்பவர்களைப் போய்ப் பார்க்கும் ஒரு சிறிய குழுவைக் கண்டுபிடித்தாள். இளைப்பாறிய ஒரு ஜேர்மன் ஆசிரியை பேசினார். “நாடு கடத்துவதற்காகப் பிடித்திருந்தால் தடுப்புக்காவலில் வைத்திருப்பார்கள். எங்களுடன் ஒரு நல்ல வழக்கறிஞர் இருக்கிறார், உடனே நீதிமன்றத்துக்குப் போவார். ஆனால் அவருக்கு உங்கள் நண்பரின் கையெழுத்து வேண்டும். கையெழுத்து வாங்க அவர் எங்கே என்று தெரிய வேண்டும். தெரிய வேண்டுமென்றால்...” பெயர் வேண்டும் என்பது எங்களுக்கு விளங்கியது.

தடுப்பு. அந்தச் சொல் எங்கள் சனத்துக்குப் புதிதில்லை. ஊரில் சண்டைக்காலத்தில் தடுப்பு வாசல்களில் நின்ற அம்மாமார் கையில் பிள்ளையின் படமாவது இருந்தது. எங்களிடம் பெயரே இல்லை.

பின்னேரம் ஐயரிடம் ஓடினேன். அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொல்லத்தானே வேண்டும்; ஐயருக்குக் கோயிலுக்கு வரும் அத்தனை பேரின் நட்சத்திரமும் மனப்பாடம். ஐயர் கண்ணை மூடி யோசித்தார். “அந்தத் தம்பி ஒருநாளும் தன்ர பேருக்குச் செய்யேல்ல அக்கா. தாயின்ர பேருக்குத்தான் செய்விப்பார். தாயின்ர பேரும் நட்சத்திரமும் சொல்லட்டே?” வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து படியில் இருந்தேன். அந்த அலுவலகங்களில் தாயின் நட்சத்திரத்தை யார் கேட்கப் போகிறார்கள்.

புதன்கிழமை ஆப்கான்காரருக்கு ஒரு யோசனை வந்தது. ஹைம் வாசலில் தபால்பெட்டிகளில் பெயர் ஒட்டியிருக்கும். அவர் தங்கள் அறைக்கான பெட்டியின் முன்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, மகள் எழுதினாள். “உங்கள் ஆட்களின் பெயர்களெல்லாம் ரயில் மாதிரி, பெட்டி வந்துகொண்டே இருக்கிறது” என்று அலுத்துக்கொண்டார். தகப்பன் பெயரும் அவன் பெயரும் சேர்ந்து அத்தனை நீளம். முதல்முறையாக அதை வாயால் சொல்லிப் பார்த்தேன். யாரோ வேறு ஆளைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

இனிப் பிறந்த திகதி. அது எங்களிடம் இருந்தது! போன ஐப்பசியில் ஒரு வெள்ளி, “இண்டைக்கு எனக்குப் பிறந்தநாள் அக்கா” என்று தானே பாயாசம் காய்ச்சி எல்லோருக்கும் வார்த்தான். எத்தனை வயசு என்று கேட்டதற்கு, “சொல்லமாட்டன், பிறகு ஒருத்தரும் பெண் தராயினம்” என்றான். மகளின் போனில் அன்றைய படம் திகதியோடு கிடந்தது. ஆசிரியை அந்தப் பெயரையும் திகதியையும் கொடுத்துக் கேட்டார். வருடத்தை மாற்றி மாற்றியும் கேட்டார். அந்தத் திகதியில் பிறந்த அப்படி ஒருவர் தங்களிடம் இல்லை என்று பதில் வந்தது.

பொழுது படும்வரை மகள் சமையலறை மேசையில் கணினியோடு இருந்தாள். திடீரென்று, “அம்மா, இங்க வாங்கோ” என்றாள். நாடாளுமன்றத்தில் யாரோ கேட்ட கேள்விக்கு அரசாங்கம் கொடுத்த பதில். பக்கம் பக்கமாக அட்டவணை. நாடு கடத்துவதற்காக எந்த மாநிலத்தில் எத்தனை பேரைத் தடுப்பில் வைத்தார்கள், அதில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, எந்தெந்த நாட்டவர். நான் விரலை வைத்து எங்கள் நாட்டைத் தேடினேன். தனியாக இல்லை. பெரிய தொகை உள்ள நாடுகளுக்குத்தான் தனி வரி. மிச்சமெல்லாம் அடியில், ஏனைய நாடுகள்.

“அப்ப எங்கட ஆக்கள் இதுக்குள்ளதானே? எங்கை வைச்சிருக்கினமெண்டு போட்டிருக்கா?”

“அது போடமாட்டினம் அம்மா. இது எத்தினை பேரெண்டு மட்டும்தான்.”

ஒரு மாநிலத்துக்கு நேரே பெட்டிகளில் இலக்கம் இல்லை, சிறிய கோடு மட்டும் இழுத்திருந்தது. அது பூச்சியமா என்று கேட்டேன். “இல்லை, கணக்கு இல்லையெண்டு அர்த்தம்” என்றாள். நான் சத்தம் போட்டேன். “ஆளைப் பூட்டி வைச்சிட்டுக் கணக்கு இல்லையோ? கோயிலில எத்தினை தேங்காய் உடைச்சதெண்டு கேட்டாலும் நாங்கள் சொல்லுவமே!” பாவம் மகள். அவளிடம் கத்தி என்ன பயன். அவள் கணினியை மூடிவிட்டு என் தோளில் தலையைச் சாய்த்து அழுதாள்.

வியாழன் பின்னேரம் கோயிலில் பாத்திரம் கழுவுகிற அண்ணையிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். நாற்பது வருடத்துக்கு முதல் வந்த மனிதர். கையைத் துடைத்துக்கொண்டே, “தை ஒண்டு, ஜனவரி முதலாம் திகதி எண்டு குடுத்துப் பாருங்கோ” என்றார்.

“அவன் ஐப்பசியில பிறந்தவன் அண்ணை.”

“அது தாய் பெத்த நாள். இங்க வந்து பதியிறது, காசு வாங்கிக் கூட்டிக்கொண்டு வாற ஏஜென்சிக்காரன் பெத்த நாளை. என்ர பாஸ்போட்டையும் பாருங்கோ, தை ஒண்டுதான். இந்த நாட்டில நாங்கள் கூட்டமாப் பிறந்த பிள்ளையள்!”

அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். இரண்டு பேர் சிரிக்கவில்லை. அவர்களும் தை ஒன்றுதானாம். மகள் அந்த இடத்திலேயே ஆசிரியைக்கு எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் திருப்பி எடுத்தார். “இருக்கிறார். கண்டுபிடித்துவிட்டோம். நாளைக் காலை போய்ப் பார்க்கலாம்.” நான் சந்நிதியில் விழுந்து கும்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆசிரியையின் காரில் போனோம். நகரம் முடிந்து, வயல் முடிந்து, மரங்களுக்குள் உயர்ந்த மதில் ஒன்று. சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள் என்று சொல்லியிருந்தும் நான் எலுமிச்சம்பழச் சோறு கட்டிக்கொண்டு போயிருந்தேன். வழக்கறிஞரின் கடதாசி கசங்காமல் மகளின் மடியில் இருந்தது. வாசலில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். பெயரைக் கேட்டார். நான் முந்திக்கொண்டு சொன்னேன், நீளமாக, ஒரு எழுத்தும் பிசகாமல். திகதியும் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார்.

“அவரை இன்று விடியற்காலை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.”

“விமானம் எழும்பிவிட்டதா?” என்று ஆசிரியை கேட்டார். தனக்குத் தெரியாது என்றார். ஆசிரியை வெளியே போய் வழக்கறிஞருக்கு எடுத்தார், வேறு யாருக்கோ எடுத்தார். மதிலுக்குப் பக்கத்தில் நடந்து நடந்து கதைத்தார். பிறகு நடக்காமல் நின்றார். நான் அதைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் கோயிலுக்குத்தான் போனேன், வேறு எங்கே போக? அலுவலக அறையில் பழைய தொலைபேசியில் செய்தி பதிந்திருக்கிறது என்று சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. ஐயர் அதைக் கவனிப்பதே இல்லை. கோயில் கலண்டரில் அந்த இலக்கம்தான் பெரிதாக இருக்கும். தம்பியின் கட்டிலுக்கு மேலே அந்தக் கலண்டர் தொங்கியதைக் கஞ்சி கொண்டு போனபோது கண்டிருந்தேன். பொத்தானை அமத்தினேன்.

“அக்கா, நான் தம்பி கதைக்கிறன். என்னைத் தடுப்பில வைச்சிருக்கினம். என்ர போனை வாங்கிட்டினம், இந்த ஒரு நம்பர்தான் மனசில நிக்குது. ஆரும் நிண்டா எடுங்கோ.” அடுத்ததும் அவன்தான். “நான் தம்பி. ஆரும் இல்லைப் போல. பரவாயில்லை, பிறகு எடுக்கிறன்.” கடைசியாக, மெதுவாக: “அக்கா, நாளைக்கு வெள்ளியெல்லோ? வெங்காயம் ஆர் வெட்டுறது?”

அவன்கூடத் தன் பெயரைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவனிடமிருந்து எந்தச் செய்தியும் இல்லை. கொழும்பில் தெரிந்தவர்கள் மூலம் விசாரித்தோம். விமானத்தால் இறங்கியதுவரை தெரிகிறது, வெளியே வந்ததைக் கண்டவர் யாருமில்லை. தாய் எந்த ஊர் என்றும் எங்களுக்குத் தெரியாது. புதிய அட்டவணை வந்ததும் மகள் எடுத்துக் காட்டினாள். ஏனைய நாடுகளுக்கு நேரே இந்தமுறையும் ஓர் இலக்கம். அதற்குள் அவன் நிற்கிறான். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தவர் எத்தனை பேர் என்று ஒரு வரி அதில் இருக்கிறதா என்று கடைசிப் பக்கம்வரை பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு இல்லை என்றாள்.

வெள்ளிக்கிழமைகளில் இப்போது அவன் பெயருக்கு அர்ச்சனைத் தட்டை நான்தான் கொடுக்கிறேன். முதல் தடவை ஐயர், “பேர்?” என்றார். சொன்னேன். “நட்சத்திரம்?”

“ஐப்பசியில அந்தப் பாயாசம் காய்ச்சின நாள் ஐயா. பஞ்சாங்கத்தில பாருங்கோவன்.”

“வருசம் தெரியாமல் பாக்க ஏலாது அக்கா.”

பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். ஐயர் பெயரைச் சொன்னார், நட்சத்திரம் வரவேண்டிய இடத்தில் கொஞ்சம் நின்றார், பிறகு மந்திரத்தைத் தொடர்ந்தார்.