இரண்டு அறைக்கும் ஆறாம் நம்பர்

நாயுடுபுரத்து ஜலாலுதீனுக்குக் கருவிகளோடு பேசுவதுதான் பிழைப்பு. மழைமானி, எடைமேடை, மருந்துக் குளிர்பெட்டி என்று கொடைக்கானல் மலையில் எது பேச்சை நிறுத்தினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இருபது வருஷமாக இதே சோலி. மனுஷனைவிடக் கருவி யோக்கியம் என்பது அவர் கட்சி. கேட்டால்தான் பேசும், கேட்டதற்கு மட்டும் பேசும்.

அன்று கன்னிவாடியில் ராஜமுருகனின் குளிர்பதனக் கிடங்கில் இரண்டாவது அறையைத் திறந்ததும் நாற்றம் மூக்கில் அறைந்தது. கூக்காலிலிருந்து வந்த கேரட் மூட்டை மூட்டையாக அழுகி, தண்ணீர் விட்டு, செருப்புக்கடியில் கொழகொழத்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஆபீஸ் அறைக்கு வந்தால், கம்ப்யூட்டர் திரையில் இரண்டு அறைக்கும் நான்கு டிகிரி என்று பச்சையில் ஜம்மென்று நிற்கிறது. வெட்கங்கெட்ட திரை.

"இந்த ஆண்டிச்சாமி கதவைத் தொறந்து போட்டுட்டுத் தூங்கிருக்கான் பாய். மிசினுல கோளாறு இல்லைன்னு எழுதிக் குடுங்க. இன்னைக்கே இவனை வெளிய அனுப்பணும்" என்றார் ராஜமுருகன்.

ஒன்பது வருஷமாக அங்கே மூட்டை அடுக்கும் ஆண்டிச்சாமி சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கதவு திறந்திருந்தால் திரையில் நம்பர் ஏறியிருக்க வேண்டாமா? அதைக்கூட யோசிக்காமல் ஒருத்தன் சோற்றில் மண்ணைப் போட வந்துவிட்டாரே என்று ஜலாலுதீனுக்கு எரிச்சலாக இருந்தது.

தன் லேப்டாப்பை ஒயரில் மாட்டிப் பார்த்தார். அறைகளில் சூடு அளக்கும் கருவிகளுக்குக் கம்ப்யூட்டர் நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு சின்னத் தகவல் பொட்டலம் அனுப்பும். எந்த நம்பரைக் கேட்கிறேன், என்ன கேட்கிறேன், கடைசியில் சரிபார்க்க அத்தனைக்கும் கூட்டுத்தொகை. அந்த நம்பர் உள்ள கருவி மட்டும் தன் நம்பர், அளவு, கூட்டுத்தொகை என்று பதில் அனுப்பும். கூட்டு சரியாக வராவிட்டால் பதிலைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

கேள்வி ஒழுங்காகத்தான் போனது. ஆறாம் நம்பர், எத்தனை டிகிரி? வந்த பதில்தான் கூழ், இரண்டு அறைக் கருவியும் நான்தான் ஆறு என்று சேர்ந்து கத்தின. இரண்டு வாய் ஒரே நேரத்தில் பேசினால் எந்தக் கூட்டு சரியாக வரும்? புரோகிராம் அதை எறிந்தது, நியாயம். பதில் இல்லை என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? சொல்லாமல், என்றைக்கோ சரியாக வந்த பழைய நான்கையே எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. த்தூ, ஆள் செத்துக் கிடந்தாலும் ம் கொட்டுகிற சாதி.

இரண்டு வாய் எப்படி வந்தது என்று யோசித்தபோதுதான் அவருக்குத் தன்மீதே அருவருப்பு வந்தது. மூன்று வாரம் முன்பு இரண்டாவது அறைக் கருவியை மாட்டியவர் அவரேதான். ஏழு என்றுதான் வைத்தார். "ஏழு வேணாம் பாய், ஆறுமுகன் நம்பர்தான் நமக்கு ராசி, ரெண்டுக்கும் ஆறே போடுங்க" என்றார் ராஜமுருகன். பழனி பஸ் ஸ்டாண்டில் நின்று முருகா என்று கூப்பிட்டால் எத்தனை தலை திரும்பும் என்று ஜலாலுதீனுக்குத் தெரியாதா? கதவில் ஆறு என்று எழுதிக்கொள்ளுங்கள், உள்ளே ஏழு இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். கொடைக்கானல் பஸ் கிளம்பப் போகிற அவசரம். ஆறை வைத்தார், திரையில் அந்தப் பழைய நான்கைப் பார்த்தார், போய்விட்டார்.

"ஏப்பா, உள்ள சூடு ஏறுனது உனக்குத் தெரியலையா?" என்று ஆண்டிச்சாமியைக் கேட்டார்.

"தெரிஞ்சுச்சு பாய். போன வெள்ளிக்கெழம வெள்ளனே உங்களுக்குப் போன் போட்டேன். உள்ள வெக்கையாக் கெடக்கு, நம்பரு அசையவே இல்லைன்னேன். நீங்க ம், ம்னுட்டு வச்சிட்டீங்க."

போனை எடுத்துப் பார்த்தார். வெள்ளிக்கிழமை, காலை ஆறேகால், நாற்பது விநாடி. டீ குடித்தது ஞாபகம் இருந்தது. இவன் சொன்னதில் ஒரு சொல்கூட ஞாபகம் இல்லை.

கருவியையும் கம்ப்யூட்டர் கேட்கிற நம்பரையும் ஏழுக்கு மாற்றினார். திரையில் இரண்டாவது அறை இருபத்தாறு என்று காட்டியது. அங்கே குளிர் மெசின் நின்று நாளாகியிருந்தது. பிறகு தாளை எடுத்து எழுதி, சத்தமாகப் படித்தார். "குளிர் மெசின் நின்றது திரையில் தெரியவில்லை. இரண்டு கருவிக்கும் ஒரே நம்பர். கேட்டவர் ராஜமுருகன், வைத்தவர் ஜலாலுதீன். ஆண்டிச்சாமி போனில் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை."

ராஜமுருகன் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "நாளைக்கு வேலைக்கு வந்துரு" என்று ஆண்டிச்சாமியின் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு வெளியே போனார்.

ஆண்டிச்சாமி வாளியையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு இரண்டாவது அறைக்கு நடந்தான். வாசலில் திரும்பி, "இனிமே ஏதாச்சும்னா போன் போட மாட்டேன் பாய். பஸ் ஏறி நேர்ல வந்தே சொல்லிர்றேன்" என்றான்.

ஜலாலுதீனுக்கு ம் என்று வந்தது. அதை அப்படியே விழுங்கிக்கொண்டார்.