சார்ஜர் ஒரு வீட்டில், பேட்டரி ஒரு வீட்டில்

அந்தச் சனிக்கிழமை வரைக்கும் லோகேஸ்வரன் யாரையும் திருடன் என்று சொன்னதில்லை. சந்தேகம் அவரிடம் ஏராளமாக உண்டு. அதை வாயில் விடாமல் ஏற்பாடுகளில் வைத்திருந்தார்.

அவருக்கு ஜெலுத்தோங் அடுக்குமாடியில் பதினோராவது மாடி. கூட்டாளி வின்சென்ட்டுக்குப் புலாவ் தீக்குஸில் தரைவீடு. பத்து வருடமாக இருவரும் வீடு வீடாகப் போய் அலமாரியும் திரைச்சீலைக் கம்பியும் மாட்டுகிறார்கள். கருவிகள் நிறைந்த சாமான் பெட்டியைத் தினமும் லிஃப்டில் ஏற்றி இறக்க முடியாதென்று அது வின்சென்ட் வீட்டிலேயே இருக்கும். சீனப் புத்தாண்டுப் பெருநாள்வரை மூச்சுவிட நேரமிருக்காது. பிறகு ஒரு மாதத்துக்குக் கூப்பிட ஆளிருக்காது. அந்த மாதத்தில் பெட்டியிலிருக்கும் தன் பேட்டரி டிரில்லை வின்சென்ட் சொந்த வேலைக்கு எடுத்துவிடுவாரோ என்று பயந்து லோகேஸ்வரன் ஒரு வழி கண்டிருந்தார். கடைசி வேலை முடிந்து பெட்டியை ஒப்படைக்கும் முன் டிரில்லை வெறுங்காற்றில் ஓடவிடுவார், பேட்டரி தீர்ந்து அது தானாக நிற்கும்வரை. சார்ஜரைத் தன்னோடு கொண்டுவந்துவிடுவார். இது மூன்று வருடப் பழக்கம்.

இந்த வருடம் அந்தச் சனிக்கிழமை டிரில்லை வாங்கி வந்தபோது பேட்டரி சார்ஜ் ஏறவில்லை. சார்ஜரில் விளக்கு சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி மின்னியது. திங்கட்கிழமை தஞ்சோங் தோக்கோங்கில் ஒரு முழு சமையலறை வேலை. லோகேஸ்வரன் கைப்பேசியை எடுத்து வாய்ஸ் மெசேஜ் போட்டார்: "அண்ணே, உள்ளே இருந்த நல்ல செல்லை எடுத்துட்டு யாரோடதோ பழசை வெச்சிட்டீங்களா? நேரா சொல்லிடுங்கலா."

செய்தியைக் கேட்டுவிட்டதற்கான நீல அடையாளம் விழுந்தது. பதில் வரவில்லை. அதையும் அவர் ஒரு பதிலாகவே எடுத்துக்கொண்டார்.

ஆதாரம் வேண்டுமென்று பேட்டரியைத் தானே திறக்க உட்கார்ந்தார். கடையில் கொடுத்தால் கடைக்காரன் மாற்றிவிடுவான். ஒரு திருகின் மேல் கம்பெனி ஒட்டிய காகித முத்திரை கிழியாமல் இருந்தது. யாரும் திறக்கவில்லை என்பதற்கு அதுவே போதும். ஆனால் முத்திரையையும் அச்சடிக்க முடியுமே என்று அவருக்குத் தோன்றியது.

உள்ளே பத்து செல்கள், இரண்டிரண்டாக ஐந்து ஜோடி. எல்லாம் ஒரே நிற உறை, ஒரே எண் வரிசை. மீட்டரை வைத்தார். நான்கு ஜோடி மூன்று வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டின. ஐந்தாவது ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"பாத்தியா? இங்கதான் கை வெச்சிருக்கான்" என்றார்.

பயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் ஈயம் பற்றவைத்த சாந்தினி, கணவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இதே எண்ணுள்ள செத்த செல்லைத் தேடிப் பிடிச்சு வெச்சானா? பேட்டரிக்குள்ள இருக்கிற இந்த சர்க்யூட் போர்டு சும்மா இருக்கும்போதும் ஒரு ஜோடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சிக்கிட்டே இருக்கும்ங்க. நிறைஞ்ச பேட்டரின்னா தாங்கும். காலி பண்ணி மாசம் முழுக்கப் போட்டு வெச்சா?"

"யாரு காலி பண்ணினது?"

"அதைத்தான் நானும் கேக்கிறேன்."

அவர் மீட்டரைக் கீழே வைத்தார். அந்த ஜோடிக்கு மட்டும் தனியாக மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாமா என்றபோது சாந்தினி கையைத் தட்டிவிட்டாள். அவ்வளவு கீழே போனதை எழுப்பினால் தீப்பிடிக்கும் என்றாள். தகடு பற்றவைத்த புதுச் செல் இரண்டு வாங்கி வந்தார், கடையிலேயே மீட்டர் வைத்துச் சோதித்துவிட்டு. பழைய நான்கு ஜோடிகளையும் புதியவற்றின் அளவுக்கு ஏற்றிய பிறகு சாந்தினி, செல்லில் சூடு படாமல், ஈயத்தைத் தகட்டில் மட்டும் தொட்டாள். சார்ஜரில் விளக்கு நிலையாக நின்றது. வேலை சுத்தம்தான். அதில் லோகேஸ்வரனுக்குச் சந்தோஷமில்லை.

மாலையில் வின்சென்ட் வந்தார். கழற்றிப் போட்டிருந்த பழைய இரண்டு செல்லையும் பார்த்தார்.

"திருடனைப் பிடிச்சிட்டியா லோகு?"

"நான்தான் அண்ணே. காலி பண்ணி வெச்சதாலே போயிருக்கு."

"நீ காத்துல ஓட்டுறப்போ எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே? வருஷா வருஷம் சிரிச்சிக்குவேன்லா. ஆனா இன்னிக்கு உன் மெசேஜை ஸ்பீக்கர்ல போட்டேன். ஷார்லின் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தா."

ஷார்லின் வின்சென்ட்டின் மகள், நர்சிங் படிக்கிறாள்.

"நான் வந்து அவகிட்ட சொல்றேன்."

"வேணாம். வந்தா என் ஸ்டோர் ரூமை நோட்டம் விடுவே."

ஆனாலும் லோகேஸ்வரன் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே லிஃப்டில் இறங்கினார். 'தவறிப்போச்சு' என்று சொல்லலாம். ஆனால் தவறியது பேட்டரி இல்லை. இறங்கும்வரை வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

புலாவ் தீக்குஸ் வீட்டில் ஷார்லின்தான் கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"உங்கப்பா எதுவும் எடுக்கலம்மா. நான் அப்படிச் சொன்னது தப்பு."

அவள் தலையாட்டினாள். பிறகு அவரைத் தாண்டித் தகப்பனைப் பார்த்தாள். "திங்கக்கிழமை இவர்கூட போறீங்களாப்பா?"

வின்சென்ட் செருப்பைக் கழற்றி வரிசையில் வைத்தார். அவசரப்படவில்லை.

"தஞ்சோங் தோக்கோங்குக்குப் போறேன். வாக்கு கொடுத்தாச்சு. அதுக்கப்புறம் பாப்போம்."