அக்கியும் கோவிந்தசாமியின் முடியும்

எங்கள் ஊர்க் காஜா பேராங் தெருக் காப்பிக் கடையில் குவளையை வைத்துக்கொண்டே கடைக்கார நானா சொன்னார்: "ஆஸ்பத்திரி கோவிந்தசாமி காலையில தவறிட்டாரு, தம்பி." பாதிக் காப்பியோடு எழுந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி ரத்தச் சோதனைக் கூடத்தில் அவருக்குப் பக்கத்து மேசை எனக்கு. அவரை அறிந்தவர்கள் அவருடைய முடியையும் அறிவார்கள். கிரீம் தடவி, முன்னால் மேடு கட்டி வாரியிருப்பார். அது கலையும் என்று மின்விசிறிக்கு நேரே உட்காரமாட்டார்.

நாடு விடுதலையான மெர்டேக்கா நாளுக்குச் சற்று முன்பு அவர் இடுப்பில் அக்கி போட்டது. மனைவி மங்களம், அக்கி இறங்கக் காவியால் சிங்கம் எழுத தெங்கேராவிலிருந்து ஆளை அழைத்து வந்தார். இவர் சட்டையைக் கழற்ற மறுத்துவிட்டார். டாக்டரோ, "சின்ன வயசில் சின்னம்மை போட்டவங்களுக்குத்தான் அக்கி வரும். அந்தக் கிருமி நரம்பில் தூங்கிக்கிட்டு இருக்கும்" என்றார்.

"எனக்கு அம்மை வந்ததே இல்ல."

பார்க்க வந்த அவருடைய அக்கா குறுக்கிட்டார். "வந்துச்சுடா, ரப்பர் தோட்டத்துல இருந்தப்ப. உனக்கு மொட்டை போடுறதா மாரியாத்தாவுக்கு வேண்டிக்கிட்டோம். இன்னும் செய்யல."

கோவிந்தசாமிக்குப் பகீர் என்றது. மெர்டேக்கா ஊர்வலத்தில் ஆஸ்பத்திரிக் கொடியை அவர்தான் பிடிக்க வேண்டும். படம் வேறு எடுப்பார்கள். "அம்மை வந்தது ரத்தத்துல தெரிஞ்சா மொட்டை போடுறேன்லா" என்று சவால் விட்டு, அன்றே ரத்தம் எடுத்துக் கோலாலம்பூருக்கு அனுப்பினார்.

முடிவு எங்கள் மேசைக்குத்தான் வந்தது. அக்கி புதிதாகக் கிளம்பியபோது எடுத்த ரத்தத்திலேயே அம்மைக் கிருமியை எதிர்க்கும் பொருள் ஏராளமாக இருந்தது. புதுக் கிருமியானால் அது ஊற நாளாகும்; அதனால் அம்மை எப்போதோ வந்து போயிருக்கிறது.

"கிழிச்சுப் போட்டுடுங்க, யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

தலையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். "ரத்தம் சொன்னது எனக்குத் தெரியுமே" என்றார். மாலையில் மங்களத்துக்கும் அக்காவுக்கும் வரி வரியாக வாசித்துக் காட்டிவிட்டு, மாரியம்மன் கோயிலுக்கு நடந்தார். மங்களம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஊர்வலத்தில் அந்த மொட்டைத் தலை வெயிலில் பளபளத்தது. நாடு விடுதலையாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடி இறக்கிய தியாகி என்று யாரோ கிளப்பிவிட, பத்து பெரெண்டாம் ஊர்ப் பெரியவர் ஒருவர் ஓடிவந்து மாலை போட்டார். கூட்டம் கைதட்டியது. நானாக இருந்தால் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பேன்.

கோவிந்தசாமி நின்றார். பின்னால் ஊர்வலமே நின்றது. மாலையைக் கழற்றிப் பெரியவர் கையில் கொடுத்து, "மன்னிக்கணும் ஐயா, இது அம்மைக்குப் போட்ட மொட்டை" என்றார்.

அவரை நினைத்தால் அழுகையோடு சிரிப்பும் வருகிறது. செய்யாததற்கு என்னை யாராவது புகழும்போது, என் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது.